சீழ்க்கைக்குச் சுரந்த பால்

மூடுபனிக்குள் கார் ஏறிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. அதற்குள் சாலை இருக்கிறது என்று நம்பித்தான் போக வேண்டும். எங்கள் சோதனை ஓட்டுநர் முருகேசன் அண்ணன் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்தார். இன்ஜின் உறுமலுக்கு மேலே நூல் போல மெல்லிய சீழ்க்கை ஒன்று எழுந்து, ஏறிக்கொண்டே போனது.

எனக்குப் பால் சுரந்தது.

தாய்மார்களுக்குத் தெரியும் அது. முதலில் சுருக்கென்று ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பிறகு மெல்ல ஒரு வெதுவெதுப்பு இறங்கும். என் மகள் பசித்தால் எடுத்த எடுப்பில் அழ மாட்டாள். மூக்குக்குள்ளிருந்து மெலிதாக ஒரு இழுப்பு வரும், அது ஏறி ஏறித்தான் அழுகையாகும். டர்போவின் சீழ்க்கையும் அதே சுருதியில் இருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என் மூளைக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

மடியில் மடிக்கணினி. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். அண்ணன் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திருப்பத்தில் சீழ்க்கை பாதியில் அறுந்தது. யாரோ பின்னாலிருந்து காரைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் சரிந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இழுவை போச்சு மேடம்," என்றார் அண்ணன். "நீங்க மாத்துன நம்பரா?"

எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. நானாகத்தான் இருக்கும். வேறு யாராக இருக்கும்?

குக்கரும் மாமியாரும்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய கதையைப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு தோழி கேட்டாள்: கழிவறையில் நின்று அழுததெல்லாம் சரி, அந்த அலுவலகத்தில் நீ என்னதான் வேலை செய்கிறாய்?

கேட்டவள் சமையலறையில் நின்றிருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். என் மாமியாருக்கு அப்படித்தான் சொன்னேன்.

இன்ஜின் மூச்சு விடுகிறது. வெளியே விடும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். இதுதான் டர்போ. ஆனால் சக்தி கூடினால் புகையும் கூடும். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் அழுந்தும். போதும் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் தன்னைத் தானே ஊட்டிக்கொண்டு, கடைசியில் தன்னையே உடைத்துக்கொள்ளும்.

போதும் என்று சொல்வது ஒரு சின்னக் கதவு. வேஸ்ட்கேட் என்பார்கள். அது திறந்தால் புகை சக்கரத்தின் மேல் படாமல் பக்கவாட்டில் போய்விடும். கதவைத் தள்ளித் திறக்க ஒரு தகர டப்பா இருக்கிறது, பெருங்காய டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் ஒரு ரப்பர் தோலும் ஒரு ஸ்பிரிங்கும். அழுந்திய காற்றில் கொஞ்சம் ஒரு மெல்லிய குழாய் வழியாக அந்த டப்பாவுக்கு வரும். ஸ்பிரிங்கைவிடக் காற்று பலமானால் தோல் உப்பும், கம்பி நகரும், கதவு திறக்கும்.

"நம்ம குக்கரு வெயிட்டு மாதிரி," என்றார் அத்தை.

அதே மாதிரிதான். ஆனால் ஸ்பிரிங் அனுமதிப்பதைவிட அதிக அழுத்தம் எங்களுக்கு வேண்டும். அதற்காக அந்தக் குழாயின் நடுவே ஒரு வால்வு வைத்திருக்கிறோம். காரின் கம்ப்யூட்டர் சொன்னால் அது கொஞ்சம் காற்றைக் கசியவிடும். டப்பாவுக்குப் பாதிக் காற்றுதான் போய்ச் சேரும். அழுத்தம் இன்னும் வரவில்லை என்று டப்பா நினைத்துக்கொள்ளும், கதவை மூடியே வைத்திருக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் டப்பாவை ஏமாற்றலாம் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை.

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அப்போ, வெயிட்டு மேல கைய வச்சு அழுத்திப் புடிச்சுக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?"

"அப்படித்தான் அத்தை."

"கை சுட்டுக்காம பாத்துக்கோ."

இத்தனை வருஷத்தில் என் வேலையை இதைவிடச் சரியாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

முந்தியவளும் பிந்தியவளும்

அந்த வேலையில் ஒரு சின்ன மூலை இருக்கிறது. நாம் கேட்டதைவிட அழுத்தம் தாண்டிப் போனால், எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு ஆபத்து என்று கூவ வேண்டும்?

கியர் மாற்றும்போது அழுத்தம் ஒரு துளி துள்ளும். அது இயல்பு. ஒவ்வொரு துள்ளலுக்கும் சக்தியைக் குறைத்தால் கார் வெட்டி வெட்டிப் போகும், வாங்கியவர் திட்டுவார். ரொம்பப் பொறுத்தால் இன்ஜின் திட்டும். அது திட்டினால் பிஸ்டன் உடையும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடக்கும் இந்தக் காத்திருப்புக்கு ஒரு எண் உண்டு.

கர்ப்பமாவதற்கு முன்னால் நான் ஒரு எண் எழுதியிருந்தேன். நல்ல எண். யாரும் கேள்வி கேட்டதில்லை. திரும்பி வந்த முதல் வாரத்தில் அதைப் பாதியாகக் குறைத்தேன்.

ஏன் குறைத்தேன் என்று இன்றுவரை ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பழைய சோதனை வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் அழுத்தம் தாண்டிப் போய், நின்று, பிறகு திரும்பி வந்திருந்தது. முன்பு அதைப் பார்த்து, திரும்பிவிட்டது சரி, என்று அடுத்ததற்குப் போயிருக்கிறேன். இப்போது அந்த நின்ற இடத்திலேயே கண் ஒட்டிக்கொண்டது. என் மகள் மகி தூங்கும்போது சில சமயம் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிடும். அந்த இடைவெளியில் நான் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டு மூக்கருகே விரலைக் கொண்டுபோகிறேன்? அதை நினைத்துக்கொண்டே எண்ணை மாற்றினேனா? இருக்கலாம். அப்படி இருந்தால் அது பொறியியல் இல்லை.

எங்கள் குழுவின் தலைவி ரேகா நல்லவர். கோயம்புத்தூர்க்காரர், இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இந்த நாற்காலிக்கு வந்தவர். திரையில் புது எண்ணைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"கயல், இது இன்ஜின் சொல்றதா, நீ சொல்றதா?"

அன்று மாலை அவருக்கு ஒரு நீளமான செய்தி தட்டினேன். அழித்தேன். திரும்பத் தட்டினேன். அதையும் அழித்தேன். என் கைபேசியில் அனுப்பிய செய்திகளைவிட அழித்த செய்திகள்தான் அதிகம் இருக்கும்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நந்தி மலைப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் மலைப்பாதையில் காரை முழு வேகத்தில் ஏற்றிப் பார்ப்பது. காரணமே இல்லாமல் மஞ்சள் விளக்கு எரிந்தால் என் பழைய எண்ணே போதும். மலைக்குப் போகும் நாளுக்கு மறுநாள் காலையே காரைச் சென்னைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் மலையேற்றம் அந்த ஒரே நாளில் முடிந்தாக வேண்டும்.

பாட்டிலைத் தள்ளுகிறவள்

மகி பாட்டில் குடிக்க மாட்டாள். ரப்பர் காம்பு உதட்டில் பட்டதும் தலையைத் திருப்பிக்கொள்வாள். விதவிதமான காம்புகள் வாங்கிப் பார்த்தாயிற்று. கேழ்வரகுக் கூழை நாக்கால் வெளியே தள்ளி, அது தன் முகவாயில் வழிவதை ரசிப்பாள். லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடி வீட்டிலிருந்து அலுவலகம் பக்கம் என்பதால், மதியம் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ரேகா அனுமதித்திருந்தார்.

மலைக்குப் போகும் நாளில் அது முடியாது. அத்தை ஊருக்குப் போயிருந்ததால் என் கணவர் பிரபு விடுப்பு எடுத்தார். விடியற்காலையில் அவளை முடிந்த மட்டும் குடிக்க வைத்தேன். குளிர்சாதனப் பெட்டியில் நான் எடுத்துவைத்த பால் இருந்தது. மதியத்துக்குள் வந்துவிடுவேன் என்று பிரபுவிடம் சொன்னேன். அவளிடமும் சொன்னேன். அவள் என் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

என் பையில் மடிக்கணினி, கேபிள்கள், துண்டு, பால் எடுக்கும் சின்ன பம்பு.

விமான நிலையச் சாலையைத் தாண்டியதும் பனி ஆரம்பித்தது. திராட்சைத் தோட்டங்களின் கல்தூண்கள் வரிசை வரிசையாக வந்து, வரிசை வரிசையாகக் கரைந்தன. தூக்கம் இல்லாத கண்ணுக்கு அது தூக்கத்தின் உள்ளே போகிற மாதிரியே இருந்தது.

திருப்பத்தில் நின்றோம்

மஞ்சள் விளக்கோடு காரை ஓரம் கட்டினார் அண்ணன். சவுக்கு மரங்களிலிருந்து பனி சொட்டியது. வேறு சத்தமே இல்லை. சூடான இன்ஜின் மட்டும் டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.

பிரபுவை அழைத்தேன். அவர் குரலுக்கு முன்னால் மகியின் குரல் வந்தது. அழுகை ஏறி, உச்சியில் மூச்சு முட்டி, மறுபடி ஏறும் அழுகை. பாட்டிலைத் தட்டிவிட்டாளாம். கூழையும் துப்பிவிட்டாளாம்.

"நீ அவசரப்படாத கயலு, நான் பாத்துக்கறேன்," என்றார். அவர் குரலில் அவசரம் இருந்தது.

அடுத்து ரேகாவை அழைத்துச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரி விடு. பழைய நம்பரப் போட்டு, மீதி ஏத்தத்த முடிச்சுட்டு, நேரா வீட்டுக்குப் போயிரு. பாப்பா காத்துட்டிருப்பா."

அவ்வளவு சுலபம். மடிக்கணினித் திரையில் ஒரு கட்டத்துக்குள் பழைய எண்ணைத் தட்டினால் போதும். விளக்கு அணையும். கார் சீறிக்கொண்டு ஏறும். மதியத்துக்குள் வீடு. என் மகளைப் பெறுவதற்கு முன்னால் இருந்த, நன்றாகத் தூங்கிய, நிதானமான ஒருத்தி எழுதிய எண். அவளை நம்பாமல் யாரை நம்புவது?

தட்டினேன். எண் கட்டத்தில் உட்கார்ந்தது. காருக்குள் அனுப்பும் பொத்தான் மட்டும் பாக்கி.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எதை மாற்றுவதானாலும், நடந்து முடிந்த ஓட்டத்தின் பதிவை முதலில் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பாதிப்பேர் பார்க்க மாட்டார்கள். நான் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று கதவைப் பூட்டிய பிறகும் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

பச்சைக் கோடு, நாங்கள் கேட்ட அழுத்தம். சிவப்புக் கோடு, வந்த அழுத்தம். சிவப்பு பச்சையைத் தாண்டி ஏறியிருந்தது. நான் எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே, டப்பாவை ஏமாற்றும் வால்வின் நீலக் கோடு.

நீலக் கோடு தரையில் கிடந்தது.

சிவப்பு தாண்டியதுமே கம்ப்யூட்டர் ஏமாற்றுவதை முழுதாக நிறுத்திவிட்டிருக்கிறது. வெயிட்டின் மேலிருந்து கையை எடுத்தாயிற்று. சாதாரணத் துள்ளல் என்றால் அந்த நொடியே அழுத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை. கையை எடுத்த பிறகும் ஏறியிருக்கிறது.

அப்படியென்றால் டப்பாவுக்குக் காற்று போய்ச் சேரவில்லை. எங்கோ கசிகிறது. என் எண் பொய்யாகக் கூவவில்லை. பழைய எண்ணைப் போட்டால் கார் சீறிக்கொண்டு ஏறும், ஆமாம். ஒவ்வொரு திருப்பத்திலும் இன்ஜின் தாங்க முடியாத அழுத்தத்தை, நாங்கள் பொறுக்கச் சொன்ன நேரமெல்லாம் பொறுத்துக்கொண்டு ஏறும்.

அல்லது அழுத்தத்தை அளக்கும் சென்சார் கெட்டிருக்கலாம். அல்லது வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தப்பாகப் படிக்கிறேன். அல்லது, என் எண்ணைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, நான் பார்க்க விரும்புவதையே பார்க்கிறேன். இந்தக் கடைசிச் சந்தேகம்தான் மோசமானது. காதுக்குள் மகி அழுதுகொண்டே இருந்தாள்.

"அண்ணா, பானெட்டைத் திறக்கணும்."

"இப்பவா? டர்போ பக்கம் கை போனா வெந்துடும் மேடம். ஆறணும். நேரம் ஆவும்." என் முகத்தைப் பார்த்தார். "பேசாம வூட்டுக்குத் திருப்பிடட்டுமா? இறக்கத்துல இந்த வண்டியே போதும். நான் எதுனா சொல்லிக்கறேன்."

அவரும் அன்பாகத்தான் சொன்னார். அன்று எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். அதனால்தான் கஷ்டமாக இருந்தது.

திரும்பிப் போகலாம். போனால் மஞ்சள் விளக்கு எரிந்தது என்பது மட்டும்தான் மிஞ்சும். ஏன் எரிந்தது என்பதை இந்த மலையில் விட்டுவிட்டு வந்தவளாவேன். காரோ இந்தக் கசிவோடும் என் பழைய எண்ணோடும் சென்னைக்குப் போகும். அங்கே யாரோ ஒருவர் முழு வேகத்தில் மிதிப்பார்.

"ஆறட்டும் அண்ணா," என்றேன்.

ஆறும் வரைக்கும்

பனி எந்தப் பக்கமிருந்து விலகியது என்று தெரியவில்லை. முதலில் ஒரு மரம் வந்தது. பிறகு அதன் நிழல் வந்தது. கீழே எங்கோ ஒரு ரோஜாத் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரை ஏரி மாதிரி பளபளத்தது. அண்ணன் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் போய்ச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். வாய் ஓயாது. ஆனால் எப்போது பேசக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

பின்சீட்டில் கண்ணை மூடினேன். கல்லூரிக் காலத்தில் பேருந்து கணவாய் ஏறும்போது இதே மாதிரி ஒரு சீழ்க்கை கேட்கும். டிரைவர் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் டிரைவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார், சீழ்க்கை மட்டும் வந்தது. அன்றிலிருந்துதான் அது எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். ஒருவேளை இந்த வேலைக்கு நான் வந்ததே அந்த வெற்றிலையால்தானோ என்னவோ.

மார்பு கல்லாகிக்கொண்டிருந்தது. பையைத் திறந்து பம்பை எடுத்தேன். கண்ணாடி மாதிரி தெளிவான சிலிக்கோன் குழாயைச் சுருள் பிரித்தேன்.

"மேடம், ஓட்டை சிக்கிடுச்சு," என்று அண்ணன் கூப்பிட்டார்.

துண்டைச் சுற்றிய கையால், டப்பாவுக்குக் காற்று கொண்டுபோகும் அந்த மெல்லிய கறுப்புக் குழாயை வளைத்துக் காட்டினார். கிளிப்புக்கு அடியில் ஒரு பிளவு. சும்மா இருக்கும்போது உதடு மூடின மாதிரி தெரியவே தெரியாது. காற்று அழுந்தினால்தான் திறக்கும். அதனால்தான் ஊருக்குள் ஓட்டியபோது எதுவும் ஆகவில்லை. மலை வந்ததும் வாயைத் திறந்துவிட்டது.

நான் அந்தப் பிளவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன். இருக்கிறது. நான் இட்டுக்கட்டவில்லை. உண்மையாகவே இருக்கிறது.

மாற்றுக் குழாய் கருவிப்பெட்டியில் இல்லை. டேப் சுற்றினால் சூட்டுக்கு உருகிவிடும். அலுவலகத்திலிருந்து ஒருவர் எடுத்துவருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அண்ணன் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது அவர் பார்வை என் கையில் நின்றது.

"அது இன்னா மேடம், மீன் தொட்டி பைப்பா?"

சொல்ல வேண்டியிருந்தது. "பால் எடுக்கற பம்பு அண்ணா. பாப்பாவுக்கு."

அவர் ஒரு நொடி மரத்தைப் பார்த்தார். பிறகு, "என் வூட்டம்மாவும் வச்சிருந்தா. ராவெல்லாம் ஆடு கத்தற மாதிரி ஒரு சத்தம் போடும்," என்றார்.

இரண்டு பேரும் குழாயைப் பார்த்தோம். அதன் அளவு கிட்டத்தட்ட சரியாக இருந்தது. தினமும் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன், அதற்கு ஒன்றும் ஆனதில்லை. டர்போ பக்கம் போகும் உசத்தியான குழாய்களும் இதே சிலிக்கோன்தான். அழுத்தத்துக்கு உப்பாதா? கொஞ்சம் உப்பும். தாங்குமா? ஒரு மலைக்குத் தாங்கும். இதையெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, கடைசியாக ஒன்று தோன்றியது. இதைக் கொடுத்துவிட்டால் வீடு போகும் வரை எனக்குப் பம்பு இல்லை.

"அளவு பாத்து வெட்டுங்க," என்றேன்.

எங்கள் சோதனைக் கார்களில் இன்னொரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வராத எந்தப் பொருளைக் காரில் மாட்டினாலும் அதில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். என்ன பொருள், யாருடையது என்று அதில் எழுத வேண்டும். அண்ணன் இரண்டு முனையிலும் கிளிப்பை இறுக்கினார், அட்டையை எடுத்தார், பேனாவைக் கடித்தார்.

"யாருதுன்னு போடணுமே. உங்க பேரா, பாப்பா பேரா?"

"பாப்பா பேரு."

மகிழினி என்று பெரிய எழுத்தில் எழுதி, டர்போவின் சூடு படாத இடமாகப் பார்த்துக் கட்டினார்.

ஒரே சுருதியில்

மலையடிவாரத்துக்கு இறங்கி, மறுபடி ஏறினோம். கணினியில் என் புது எண்தான் இருந்தது. பழையது எப்போதோ அழிந்திருந்தது. நான்தான் அழித்திருக்க வேண்டும்.

அண்ணன் மிதித்தார். சீழ்க்கை எழுந்தது, ஏறியது. முன்பு அறுந்த உயரத்துக்கு வந்ததும் அது அங்கேயே நின்றது. ஒரே சுருதி. தம்புராவை மீட்டிவிட்டு யாரோ கையை எடுத்துவிட்ட மாதிரி நின்றது. திரையில் சிவப்புக் கோடு பச்சையின் மேல் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு கியரிலும் ஒரு துளி துள்ளியது, அடங்கியது. விளக்கு எரியவில்லை. ஏற்றத்தின் உச்சி வந்தது. மறுபடி இறங்கினோம், ஏறினோம். எரியவில்லை.

எனக்கு மட்டும் ஒவ்வொரு ஏற்றத்திலும் சுரந்துகொண்டே இருந்தது. வைத்திருந்த துண்டு நனைந்து, துப்பட்டாவும் நனைந்தது. என் மகளின் குழாய் வழியே காற்று போய்க்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் பிரபுவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஹெப்பால் மேம்பாலத்தில் வண்டிகள் உறைந்து நின்றன. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மதியம் எப்போதோ தாண்டிவிட்டது. அழுது அழுது மயங்கிவிட்டாளா, மூச்சு முட்டிவிட்டதா, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாரா. ஒரு குழாயைத் தேடி நான் மலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில். மார்பு இரண்டும் நெருப்பாக எரிந்தன. கை லேசாக உரசினாலும் உயிர் போனது. எங்கள் தெரு முனையில் கார் நிற்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டேன்.

வீட்டில்

கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. உள்ளே திரைச்சீலையின் பச்சை வெளிச்சம். பிரபு தரையில் பாயில் சாய்ந்திருந்தார். அவர் நெஞ்சின் மேல் மகி கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் விரலை உதட்டில் வைத்தார். சத்தத்தில் விழித்துவிடுவாள் என்று கைபேசியின் ஒலியை அணைத்திருந்தாராம்.

அவள் உதட்டோரத்தில் பால் காய்ந்து வெள்ளையாக ஒரு கோடு இருந்தது.

மேசையில், கழுவிக் கவிழ்த்த ஒரு பாலாடை. மகி பிறந்தபோது யாரோ கொடுத்தது. பாலாடையில் ஊற்றினால் புரையேறும் என்று எங்கோ படித்துவிட்டு, நான் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்திருந்தேன்.

"தேடிக் கண்டுபிடிச்சேன்," என்று கிசுகிசுத்தார். "சொட்டுச் சொட்டா. மொதல்ல பாதிய சட்டையில கொட்டுனா. அப்புறம் அவளே வாயக் காட்டுனா. உன்கிட்ட கேட்டிருந்தா வேணான்னிருப்ப."

சொல்லியிருப்பேன். நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

பாயோரம் உட்கார்ந்தேன். நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் துக்கமும் வந்தது. மலை முழுக்க அவள் எனக்காக அழுதுகொண்டிருந்தாள் என்று நம்பிக்கொண்டே ஏறி இறங்கியிருக்கிறேன். அவளோ குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள். நான் இல்லாமலும் ஒரு மதியம் நடந்து முடிந்திருக்கிறது.

கீழ்வீட்டுச் சமையலறையில் குக்கர் சீழ்க்கை அடித்தது. என் உடம்பு கேட்டுக்கொண்டது. ஊசி, பிறகு வெதுவெதுப்பு. மகி மூக்கைச் சுருக்கினாள். கண்ணைத் திறக்காமலே தலையை என் பக்கம் திருப்பினாள்.

வாங்கி மடியில் போட்டேன். பிடித்தாள். அடைத்துக் கிடந்த பால் வேகமாகப் பீறிட்டது. அவள் விழுங்கினாள், திணறினாள், வாயை எடுத்துவிட்டாள். பால் அவள் கன்னத்திலும் இமையிலும் தெறித்தது. நான் பதறி அவளைத் தூக்கப் போனேன்.

அவள் அழவில்லை. இமையில் பால் சொட்டோடு அது வழிவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வேகம் அடங்கியது. அவளே திரும்பி வந்து பிடித்துக்கொண்டாள்.

கைபேசி அதிர்ந்தது. மலையேற்றப் பதிவை ரேகா பார்த்திருந்தார். குழாயைப் பற்றி அண்ணனும் சொல்லியிருப்பார் போல. நாளைக் காலை கார் கிளம்புகிறது, எந்த எண்ணோடு அனுப்பட்டும், என்று கேட்டிருந்தார்.

ஒற்றைக் கையால் பதில் தட்ட ஆரம்பித்தேன். ஒரே ஒரு மலையில்தான் பார்த்திருக்கிறோம், வெயில் காலத்தில் வேறு மாதிரி இருக்கலாம், எதற்கும் இன்னொரு முறை யாராவது சரிபார்த்தால் நல்லது, ஒருவேளை என் கணக்கில் ஏதாவது.

மகி மறுபடி வாயை எடுத்தாள். காத்திருந்தாள். திரும்பி வந்தாள்.

எழுதியதை அழித்தேன். "புது எண்ணோடு அனுப்புங்கள். காரணத்தை நாளை நேரில் சொல்கிறேன்" என்று தட்டினேன். அனுப்பிவிட்டு, கைபேசியைப் பாலாடைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன்.